தீர்ப்பை ஒத்திவைத்த அறுபது நாட்கள்

பலெர்மோ,
12 யூன் 2025
(பதிவுத் தபால்)

மருமகள் சயந்தினிக்கு,

என் பேத்தி சாம்பவியை நீர் ஒரு வருடமும் ஆறு மாதமும் பத்து நாளும் என் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறீர். இது அநியாயம். என் மகன் றஞ்சித்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அன்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் படியால் இறங்கிப் போனீர். அதற்குப் பிறகு கதவும் திறக்கவில்லை, போனும் எடுக்கவில்லை. வியா மக்வேதாவில் இருக்கும் எனக்கும் மொண்டெல்லோவில் இருக்கும் உமக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம். அதைக் கடக்க நான் இரண்டு நீதிமன்றம் ஏற வேண்டி வந்தது.

இரண்டாவது அநியாயம் நேற்று நடந்தது. அதை நீரும் பார்த்துக்கொண்டு இருந்தீர்.

முதல் நீதிமன்றம், "பிள்ளை இன்னும் கொஞ்சம் ஆறட்டும்" என்று என் மனுவைத் தள்ளியது. சரி, சின்ன நீதிமன்றம், அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று மேன்முறையீடு செய்தேன். நேற்று ஐந்து பேர் இருந்தார்கள். மூன்று நீதிபதிகள், பிள்ளைகளின் மனதைப் பற்றிப் படித்த இரண்டு பேர். நடுவில் இருந்த அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என்னைப் பார்த்துப் பார்த்துக் கேட்டா. நாற்பத்தைந்து நிமிடம் நான் சொல்ல வேண்டியதெல்லாம் இத்தாலியனில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், என் வாயால் சொன்னேன். அவ தலையையும் ஆட்டினா. பிறகு என்ன செய்தா? "நீதிமன்றம் தீர்ப்பை ஒத்திவைக்கிறது, அறுபது நாளுக்குள் எழுத்தில் வரும்" என்று கோப்பை மூடிவிட்டு எழும்பிப் போய்விட்டா! ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை!

எங்கள் ஊர் மத்தியஸ்த சபையில்கூடப் பின்னேரத்துக்குள் ஒரு முடிவு சொல்லி அனுப்புவார்கள். நான் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நம்பி, கூட்டாளி அகஸ்ரினைக் காரோடு வெளியில் நிற்கச் சொல்லியிருந்தேன். விடியப் பால்ரொட்டி சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்துமிருந்தேன். வெளியே வந்து விசயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, ஏறெண்டும் சொல்லேல்லை, இறங்கெண்டும் சொல்லேல்லை. அப்ப இந்தப் பால்ரொட்டியை என்ன செய்யிறது?" என்றான்.

"தின்னும்!"

"நாப்பது கிடக்கு அண்ணை."

"நாப்பதையும் தின்னும்!"

தின்றுவிட்டான்.

எதிர்த்தரப்புக்குக் கடிதம் எழுதக் கூடாது என்று என் சட்டத்தரணி மார்த்தினா எனக்குச் சொல்லியிருக்கிறா. நான் எழுதுகிறேன். இதன் நகல் என்னிடம் இருக்கிறது. நீதிமன்றம் வாயைத் திறக்கும்வரை காத்திருக்க எனக்கு வயது இல்லை, எழுபத்திரண்டு முடிகிறது. பிள்ளையை ஏன் மறைத்தீர் என்று நீரே எழுத்தில் சொல்லும்.

இராசரத்தினம்

*

மொண்டெல்லோ,
20 யூன் 2025

மாமா,

உங்கள் பதிவுத் தபாலை வாங்க ஐம்பது நிமிடம் தபாற்கந்தோரில் வரிசையில் நின்றேன். தபால்காரி வந்த நேரம் நான் உணவகத்தில் சிப்பி கழுவிக்கொண்டு இருந்தேன். இனி எழுதினால் சும்மா முத்திரை ஒட்டி அனுப்புங்கள். உங்களிடமிருந்து வருவதெல்லாம் கையெழுத்து வைத்து வாங்க வேண்டியதாகவே இருக்கிறது.

தீர்ப்பை ஒத்திவைத்தது அநியாயம் என்கிறீர்கள். அந்த ஐந்து பேரும் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனபோது எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, மாமா! என் பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் யோசிக்கப் போகிறோம் என்று சொன்ன ஆட்களை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். உங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் செய்யாத காரியம் அது.

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறீர்கள். அந்தியேட்டி அன்று, உங்கள் குசினியில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஆட்களுக்கு முன்னால் நீங்கள் ஒரு வசனம் சொன்னீர்கள். அதனால்தான். அதை நான் முதல் நீதிமன்றத்திலேயே சொன்னேன். மொழிபெயர்த்தவர் அதை, "பாட்டனார் சோதிடம் பற்றி ஒரு கருத்துத் தெரிவித்தார்" என்று எழுதிவிட்டார். அதை வாசித்த நீதிபதிக்கு என்ன விளங்கும்? சோதிடம் பார்ப்பது குற்றமா என்று நினைத்திருப்பார். ஆனால் தமிழில் உங்களுக்கு விளங்கும். நினைத்துப் பாருங்கள்.

சயந்தினி

*

பலெர்மோ,
26 யூன் 2025
(பதிவுத் தபால்)

மருமகள் சயந்தினிக்கு,

பதிவுத் தபாலில்தான் அனுப்புவேன். சும்மா தபால் தொலைந்தால் யார் பொறுப்பு?

முதலில் ஒரு பெரிய செய்தி! ஒத்திவைப்பது அவமரியாதை இல்லையாம். அது எனக்கு நல்ல அறிகுறியாகவும் இருக்கலாமாம்!

பொலிதேயாமாவில் நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவை உமக்குத் தெரியும். அவவின் புருசன் மேன்முறையீட்டு நீதிபதியாக இருந்து செத்தவர். அவருடைய சட்டப் புத்தகங்களைப் பத்தொன்பது வருடமாகத் தூசி தட்டுகிறேன். தட்டத் தட்ட ஒரு பக்கம், அடுத்த நாள் இன்னொரு பக்கம் என்று வாசித்துத்தான் நான் இத்தாலியனே படித்தேன். பிள்ளையின் பிள்ளையைப் பார்க்கும் உரிமை பாட்டனுக்கும் உண்டு என்ற சட்டத்தை எனக்கு ஒரு சட்டத்தரணியும் காட்டவில்லை. தூசி தட்டும்போது நானே கண்டுபிடித்தது.

புதன்கிழமை சிஞ்ஞோராவுக்கு மதியச் சாப்பாடு வைத்துவிட்டு, கோபத்தோடு கேட்டேன். "சிஞ்ஞோரா, உங்கள் புருசனும் இப்படித்தான் ஆட்களைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அனுப்பினவரோ?"

"குடும்ப வழக்கென்றால் எப்போதும்," என்றா. "வாய் சொன்னதைக் கை எழுதும்போது பிழை தெரியும் என்பார். மண்டபத்தில் வைத்து முடிவைச் சொன்னால் ஒருவர் சிரிப்பார், ஒருவர் அழுவார், இரண்டு பேரும் ஒரே படியால் இறங்கி ஒரே பஸ்ஸில் போக வேண்டும். அந்தப் படியில் நடக்கும் சண்டைக்கு மேன்முறையீடு இல்லை என்பார்."

"அதற்காக அறுபது நாளோ?"

"ஐந்து பேர் ஒத்துப்போக வேண்டும். முதல் நீதிபதி எங்கே பிழைவிட்டார் என்று ஆட்களின் முகத்தில் இல்லை, தாளில் தேட வேண்டும். காரணம் எழுத வேண்டும். ராசா, காரணம் எழுதாதது தீர்ப்பு இல்லை, அது கோபம்." பிறகு கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னா: "இன்னொன்றும் சொல்லுவார். அந்தத் தாளை இன்றைக்கு வாசிப்பவர்கள் பெரியவர்கள். ஆனால் அந்தப் பிள்ளை ஒருநாள் பதினெட்டு வயதில் வந்து, என்னைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்று கேட்டு வாசிக்கும். அந்த வாசகருக்காகத்தான் நான் எழுதுகிறேன் என்பார். சில நேரம், அவர் எழுதி முடிக்க முன்னமே அந்தக் குடும்பம் தானே பேசி முடித்துவிட்டது என்று செய்தி வரும். அன்றைக்கு மட்டும் எனக்குப் பூ வாங்கி வருவார்."

அப்படியென்றால் அந்தக் கண்ணாடி அம்மா இப்போது என் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு இருக்கிறா. வாசிக்கட்டும்! வாசித்தால் என் பக்கம் நியாயம் தெரியும்.

குசினியில் நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. அன்று நான் அழுதுகொண்டு இருந்தேன். அப்படிச் சொன்னேன் என்றால், என்ன வசனம், யார் சாட்சி என்று எழுதும்.

இராசரத்தினம்

*

மொண்டெல்லோ,
3 யூலை 2025

மாமா,

இந்தமுறை நாற்பது நிமிடம்.

வசனம் இது. நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பிள்ளை பிறந்த நேரம் தேப்பனுக்குக் கூடாதெண்டு சாத்திரியார் அப்பவே சொன்னவர். பார்த்தியளே, அஞ்சு வயசு முடிஞ்ச கையோடை அவனைக் கொண்டுபோட்டுது."

"கொண்டுபோட்டார்" என்று கடவுளைச் சொல்லவில்லை. "கொண்டுபோட்டுது" என்று பிள்ளையைச் சொன்னீர்கள். குசினியில் இருந்தவர்கள் "ச்சு, ச்சு" என்றார்கள். ஒருவர்கூட "சும்மா இரும்" என்று உங்களுக்குச் சொல்லவில்லை.

சாட்சி கேட்டீர்கள். சாட்சி சாம்பவி. கதவுக்குப் பக்கத்தில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு சப்பாத்தையும் கால் மாறிப் போட்டபடி வந்து என் கையைப் பிடித்தாள். அப்படியேதான் உங்கள் படியால் இறங்கினோம்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கொஞ்சுவதில்லை. தெருவைக் கடக்கும்போது கை தரமாட்டாள். ஏன் என்று கேட்டால், "என்ரை நட்சத்திரம் உங்களுக்கும் ஒட்டீரும், மம்மா," என்பாள். போன வருடம் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, சாம்பவியின் பிறந்தநாள் உண்மையில் எப்போது என்று கேட்டா. பிள்ளை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு திகதி சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "கொமூனேயிலை போய்ப் பிறந்தநாளை மாத்தலாமோ, மம்மா? மாத்தினால் அப்பா திரும்பி வரமாட்டார், தெரியும். ஆனா நீங்கள் சாகமாட்டியள்," என்றாள். ஆறு வயது, மாமா. நகரசபைக் கந்தோரில் விண்ணப்பம் கொடுக்கலாமா என்று கேட்கிறாள். சட்டம் பேசுவது உங்கள் இரத்தம்தான்.

றஞ்சித் செத்தது மழையில். ஸ்கூட்டர் வழுக்கி. போலீஸ் தாளில் அவ்வளவுதான் இருக்கிறது.

இதை அந்த ஐந்து பேருக்கு எந்தப் பாசையில் சொல்வது என்று தெரியாமல்தான் நான் அன்றைக்கு வாய்மூடி இருந்தேன். நீங்கள் நாற்பத்தைந்து நிமிடம் பேசினீர்கள்.

சயந்தினி

*

பலெர்மோ,
9 யூலை 2025

சயந்தினிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! பதிவுத் தபாலுக்கு வரிசையில் நிற்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை, அகஸ்ரின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நின்ற நிலையில் வாசியும்!

உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு, நான் இல்லாததைச் சொல்லவில்லை, எழுதி வந்ததைத்தான் சொன்னேன் என்று நிரூபிக்கச் சாதகக் கொப்பியை எடுத்தேன். (சொன்னேன் என்று இப்போது நினைவு வருகிறது. மறுக்கவில்லை.) சாத்திரியார் எழுதியது அப்படியே இருக்கிறது. கன்னி லக்கினம், சூரியன் பன்னிரண்டில் மறைவு, தகப்பனுக்கு ஆகாது. அதற்கு மேல் வரியைப் பார்த்தேன். பிறந்த நேரம் காலை எட்டு முப்பது. பிறந்த இடம் யாழ்ப்பாணம்!

யாழ்ப்பாணம்! சாம்பவி பிறந்தது இந்தப் பலெர்மோவில், விடியற்காலை ஐந்து மணிக்கு! வழக்குக் கோப்பில் ஆஸ்பத்திரிச் சான்றிதழ் இருக்கிறது, மூன்றாம் தாள், மணியோடு போட்டிருக்கிறது. என்ன நடந்தது தெரியுமா? அன்றைக்கு ஊருக்குப் போன் எடுத்தபோது, நாங்கள் எல்லாரும் செய்கிற மாதிரி, மூன்றரை மணித்தியாலம் கூட்டி ஊர் நேரத்தைச் சொன்னேன். கவனமாகக் கணக்குப் பார்த்துச் சொன்னேன். எந்த ஊரில் பிறந்தது என்று சொல்லவில்லை. சாத்திரியார் நான் ஊரில்தான் பேத்தி கண்டேன் என்று நினைத்துக் கணித்துவிட்டார். ஏழு வருடமாக அந்தக் கொப்பி என் சாமி அறையில் இருக்கிறது, மேல் வரியை நான் ஒருநாளும் வாசிக்கவில்லை!

உடனே இஞ்சை சாத்திரம் தெரிந்த ஒருவரைப் பிடித்துச் சரியான நேரத்தைக் கொடுத்தேன். கடக லக்கினம். சூரியன் இரண்டாம் இடத்தில், சொந்த வீட்டில், ராசா மாதிரி. தகப்பனுக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றும் இல்லை!

பிள்ளையில் பிழை இல்லை! முதல் தீர்ப்பு பிழையான சான்றின்மேல் கொடுக்கப்பட்டது. மேன்முறையீடு ஏற்கப்படுகிறது. ஓடிப்போய் அவளிடம் சொல்லும். நான் சனிக்கிழமை வாறன்.

இராசரத்தினம்

*

மொண்டெல்லோ,
14 யூலை 2025

மாமா,

நகரம் முழுவதும் சாந்தா ரொசாலியா திருவிழாவுக்கு வெடி கொளுத்த ஆயத்தமாகிறது. நான் இதைக் கோபத்தில் எழுதுகிறேன், ஆனால் மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வாசலில் வைத்து உங்களைத் திருப்பி அனுப்பியதற்காக நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஒரு கையில் கொப்பி, மறு கையில் கொப்பி. பழைய சாதகம், புதுச் சாதகம். அவளிடம் இரண்டையும் விரித்துக் காட்டப் போகிறேன் என்றீர்கள். நல்ல காலம், அவள் கடற்கரைக்குப் போயிருந்தாள்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. இதற்குப் பதில் சொன்னால் கதவைத் திறப்பேன்.

சரியான நேரத்துக்கும் அதே பலன் வந்திருந்தால்?

சயந்தினி

*

பலெர்மோ,
17 யூலை 2025

சயந்தினிக்கு,

உம்முடைய கேள்வி கிடைத்தது.

உடனே ஒரு பதில் எழுதினேன், இரண்டு பக்கம். தபாலில் போடப் போகும் வழியில் நின்று வாசித்தேன். அது பதில் இல்லை, பேச்சு.

தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்.

இராசரத்தினம்

*

மொண்டெல்லோ,
30 யூலை 2025

மாமா,

பதின்மூன்று நாளாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரி மணி அடித்தால் ஓடிப்போகிறேன். காத்திருப்பது இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்திருந்தால் நீதிமன்றத்தில் அவ்வளவு சந்தோசப்பட்டிருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கோவிலுக்கு ஏறினோம். எங்கள் ஆட்கள் எல்லாரும் அங்கை நின்றார்கள். குகைக்குள் சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி ஏற்றும்போது உங்களைக் கண்டேன். நீங்களும் எங்களைக் கண்டீர்கள். இப்போது சத்தம் போட்டுக்கொண்டு வரப் போகிறார் என்று நினைத்தேன். நீங்கள் வரவில்லை. பாறைக்குப் பின்னால் போய், மேலேயிருந்து சொட்டுகிற தண்ணீரில் நனைந்துகொண்டு நின்றீர்கள். உங்களை எனக்குத் தெரிந்த பத்து வருடத்தில் நீங்கள் முந்திக்கொண்டு வராத முதல் நாள் அது. கோபம் பாதி அங்கேயே கரைந்துவிட்டது.

ஆனால் சாம்பவியும் கண்டுவிட்டாள். இறங்கும்போது கேட்டாள். "அப்பப்பா ஏன் ஒளிச்சவர்? என்ரை நட்சத்திரத்துக்குப் பயமோ?"

நான் "இல்லை" என்றேன். "அப்ப ஏன்?" என்றாள். அதை நான் சொன்னால் காணாது, மாமா. சொன்னவர்தான் திருப்பி எடுக்க வேண்டும். ஒன்றரை வருடமாக நான் "உன்னாலை இல்லை" என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீங்கள் அம்மா, அப்பிடித்தான் சொல்லுவியள்," என்கிறாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும், இல்லையென்றால் நான் உங்களைக் கேள்வி கேட்பது நியாயம் இல்லை. உங்கள் படியால் இறங்கிப் போன அந்தக் கிழமை, ஒருநாள் பின்னேரம், பிள்ளை முற்றத்தில் தனியே விளையாடிக்கொண்டு நின்றாள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கணம் நானும் நினைத்தேன். உண்மையாய் இருக்குமோ என்று. ஒரு கணம்தான். அந்தக் கணத்துக்காகத்தான் நான் உங்களை இத்தனை நாள் தண்டித்தேனோ தெரியாது.

என் சட்டத்தரணி சொல்கிறார், தீர்ப்பு எழுதி முடிக்க முன்னம் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் நீதிமன்றம் அதையும் பார்க்குமாம். அறுபதாம் நாள் ஓகஸ்ட் பத்து. என் பக்கம் இது: மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, முதலில் இரண்டு மணித்தியாலம், நான் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை பழகினால் கூட்டலாம். சாதகம் என்ற சொல் அவளுக்கு முன்னால் வரக் கூடாது.

பதில் எழுதுங்கள்.

சயந்தினி

*

பலெர்மோ,
5 ஓகஸ்ட் 2025

பிள்ளை சயந்தினி,

முத்திரை மட்டும் ஒட்டி அனுப்புகிறேன். வரிசையில் நிற்க வேண்டாம். தொலைந்தால் திரும்ப எழுதுவேன்.

தீர்ப்பு: நான் சொன்னது பிழை. நேரம் பிழைத்தபடியால் பிழை இல்லை. நேரம் சரியாக இருந்து, இடம் சரியாக இருந்து, பத்துச் சாத்திரிமார் ஒரே பலனைச் சொல்லியிருந்தாலும், ஒரு பிள்ளையைப் பார்த்து அதைச் சொன்னது பிழை.

காரணம் எழுதாதது தீர்ப்பு இல்லை என்று சிஞ்ஞோரா சொன்னா. ஆகவே காரணத்தையும் எழுதுகிறேன். அது எழுதத்தான் பத்தொன்பது நாள் எடுத்தது.

றஞ்சித் செத்த அன்று எனக்கு வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூராப் போலீஸ் கந்தோரில் பதினொரு மணிக்கு நேரம் தந்திருந்தார்கள். என்னைக் கூட்டிப்போக அவன் வர வேண்டும். மழை. நான் மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்றாம் தரம் அவன், "மழை விடட்டும் அப்பா," என்றான். "மழைக்குக் கரைஞ்சு போவியோ, கெதியா வா!" என்றேன். வந்தான். பாதி வழி வந்தான்.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்தியேட்டி அன்று ஆட்கள் குசினியில் இருந்து, எப்படி நடந்தது, ஏன் அந்த மழையில் வெளிக்கிட்டவன் என்று கேட்டார்கள். யாருடைய பிழையாகவாவது இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. என்னுடையதாக இருக்கக் கூடாது என்றும் இருந்தது. சாதகம் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். யோசிக்க ஒரு நாள் எடுத்திருந்தால், ஒரு மணித்தியாலம் எடுத்திருந்தால், அந்த வசனம் வந்திருக்காது. அந்தக் கண்ணாடி அம்மா ஏன் கோப்பை மூடிவிட்டுப் போனா என்று இப்போது தெரிகிறது.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பிள்ளையை என்னிடமிருந்து மறைத்ததும் பிழை. காரணம் இருந்தது, என்றாலும் பிழை. மனுவை வாபஸ் வாங்கமாட்டேன். என் உரிமை தாளில் எழுதப்பட வேண்டும். உம்முடைய நிபந்தனைகள் நியாயம். ஒன்றையும் மாற்றாமல் கையெழுத்து வைக்கிறேன். யன்னலால் பார்த்த அந்த ஒரு கணத்துக்கு உம்மேல் வழக்கு இல்லை. அந்தக் கணத்தையும் உமக்குத் தந்தது என் வசனம்தான்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாக வாசியும்.

மார்த்தினாவும் உம்முடைய சட்டத்தரணியும் வெள்ளிக்கிழமைக்கு முன்னம் அந்தத் தாளை எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். மார்த்தினாவிடம் நான் சொல்லிவிட்டேன். கடிதம் எழுதியதற்கு ஏசினா, பிறகு சிரித்தா.

அகஸ்ரின் சனிக்கிழமை விடிய நாற்பது பால்ரொட்டி சுட்டுத் தர வேண்டும். தின்றவன் அவன். காரும் தானே கொண்டுவருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். நான் பஸ்ஸில் வருவேன். அந்த ஒரு பஸ் தூரத்தை நானே கடக்க வேண்டும்.

நீர் சாம்பவியிடம் முதலே சொல்லி வைக்க வேண்டும், அப்பப்பா வருகிறார், அவர் ஒளித்தது உனக்குப் பயந்து இல்லை, தன் வாய்க்குப் பயந்து என்று. மொண்டெல்லோக் கடற்கரையில் சந்திப்போம், அங்கே எனக்குப் பக்கத்தில் நில்லும். எழுதிய வசனத்துக்கு மேல் நான் ஒரு சொல் கூட்டினால் என் சேட்டுக் கையைப் பிடித்து இழும்.

நான் சொல்ல வேண்டிய வசனம் இது. சரியா என்று பார்த்து, பிழை இருந்தால் திருத்தும். "சாம்பவி, அப்பா மழையிலை சறுக்கி விழுந்து செத்தவர். வரச் சொன்னது நான். உன்னாலை இல்லை. நான் சொன்னது பிழை." சொல்லிவிட்டு நான் வாயை மூட வேண்டும். அதுதான் எனக்கு ஆகப் பெரிய வேலை.

சாம்பவி ஒன்றும் செய்யத் தேவையில்லை. கொஞ்சத் தேவையில்லை, மன்னிக்கத் தேவையில்லை, ஓம் என்று சொல்லவும் தேவையில்லை. அவளும் ஒத்திவைக்கலாம். அறுபது நாள் என்று அவளுக்குக் கெடு கிடையாது.

அந்த ஐந்து பேரும் தங்கள் பாட்டில் எழுதட்டும். பதினெட்டு வயதில் அவள் போய்க் கேட்டு வாசிக்க ஒரு தாள் இருக்க வேண்டும். இந்தக் கடிதங்களையும் நீர் பத்திரமாக வைத்துக் கொடுக்க வேண்டும், நான் சொன்ன முதல் வசனம் எழுதியிருக்கிற உம்முடைய கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அதோடும் சேர்த்து. ஒன்றையும் மறைக்க வேண்டாம்.

பழைய கொப்பியையும் புதுக் கொப்பியையும் நான் கொண்டுவரமாட்டேன்.

கொமூனேக்கு ஒருவரும் போகத் தேவையில்லை. அவள் பிறந்தது ஓகஸ்ட் இருபத்துமூன்று, விடியற்காலை ஐந்து மணி, பலெர்மோ. அதில் மாற்ற ஒன்றும் இல்லை.

இராசரத்தினம்